அப்டேட் ஆச்சு... கண்ணு போச்சு!



கேம்பஸ் இன்டர்வியூன்னா முன்னாடியெல்லாம் கழுத்துல டை, கையில ஃபைல்னு ஆடிட்டோரியம் வாசல்ல வரிசையா உக்காரணும். இப்போ பாதி இன்டர்வியூ ஹாஸ்டல் ரூம்லயே முடிஞ்சுடுது. மேல இஸ்திரி போட்ட சட்டை, கீழ லுங்கி! வசதிதான். ஆனா அந்த வசதி மொத்தமும் லேப்டாப் மூடியோட உச்சியில இருக்கிற மிளகு சைஸ் ஓட்டையை நம்பித்தான் இருக்கு. அது கண்ணை மூடிக்கிச்சுன்னா, எதிர்ல இருக்கிற ஹெச்.ஆருக்கு நீங்க வெறும் கறுப்புக் கட்டம்!

அது கண்ணை மூடுறதுக்குன்னே ஒரு நல்ல நேரம் பார்த்து வெச்சிருக்கு. சிஸ்டத்தை அப்கிரேடு பண்ணின மறுநாள்! 2025 அக்டோபர் 14-ம் தேதியோட விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் முடிச்சுக்கிச்சு. அண்ணன், அக்காகிட்ட இருந்து கைமாறி வந்த லேப்டாப்பை வெச்சிருக்கிற நம்மாளுங்க பல பேர் அதனாலேயே விண்டோஸ் 11-க்குத் தாவினாங்க. தாவினதும் பாட்டு ஓகே, வைஃபை ஓகே, கேமரா மட்டும் 'ஙே'! அடுத்த நிமிஷமே ரூம்மேட்டுங்க எல்லாம் ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் ஆகிடுவாங்க. 'மச்சி, கேமரா அவுட்டு, மாத்திடு'ன்னு ஒருத்தன். 'ஃபார்மட் அடிச்சுடு'ன்னு இன்னொருத்தன்.

வெயிட் பண்ணுங்க பாஸ்! அப்கிரேடு பண்ணினதால கேமராவே செத்துப்போறது ரொம்ப அபூர்வம். பெரும்பாலும் மாறியிருக்கிறது ரெண்டே விஷயம்தான். ஒண்ணு, கேமராவைத் தொட யாருக்கு அனுமதி இருக்குங்கிறது. ரெண்டு, கேமரா பேசுறதை சிஸ்டத்துக்கு யார் மொழிபெயர்த்துச் சொல்றாங்கங்கிறது. ரெண்டையும் நீங்களே பார்த்துடலாம். பத்து பைசா செலவில்லை!

காசில்லாத வைத்தியம்

முதல்ல லென்ஸைப் பாருங்க. இப்போ நிறைய லேப்டாப்ல கேமராவை மூடுறதுக்குக் குட்டியா ஒரு தள்ளுற மூடி இருக்கும். துணியால ஸ்கிரீனைத் துடைக்கும்போதே அது நகர்ந்துடும். சில மாடல்ல பக்கவாட்டுல ஒரு சுவிட்ச். இன்னும் சிலதுல கீபோர்டோட மேல் வரிசையில கேமரா படம் போட்ட ஒரு பட்டன். அதை ஒரு தடவை அமுக்கிப் பாருங்க. 'இதுகூடத் தெரியாதா'ன்னு சிரிக்காதீங்க. அப்கிரேடு மேல பழியைப் போட்டுட்டு, மூடியைத் திறக்காமலே சர்வீஸுக்குக் கிளம்பிடுறவங்களும் உண்டு!

அடுத்து ரீஸ்டார்ட். 'நான் தினமும் ஷட் டவுன் பண்றேனே'ம்பீங்க. விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒரு வசதி இருக்கு. அது ஆன்ல இருந்தா, ஷட் டவுன் பண்ணும்போது சிஸ்டம் முழுசா தூங்காது. உள் நிலவரத்தைக் கொஞ்சம் சேமிச்சு வெச்சுக்கிட்டு, மறுபடி அதுல இருந்தே எழுந்திரிக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தாதான் எல்லாத்தையும் புதுசா ஆரம்பிக்கும். அதனால ரெண்டும் ஒண்ணு இல்லை.

அப்புறம், விண்டோஸோட சொந்த கேமரா ஆப்பைத் திறங்க. படம் வரலைன்னா ஒரு நீளமான எர்ரர் நம்பர் காட்டும். அதோட வாலை மட்டும் பாருங்க. 4243-ல முடிஞ்சா, வேற ஏதோ ஆப் கேமராவைப் பிடிச்சு வெச்சிருக்குன்னு அர்த்தம். பின்னாடி ஓடிட்டிருக்கிற மீட்டிங் ஆப்பை எல்லாம் மூடுங்க. 4244-ல முடிஞ்சா, 'எனக்குக் கேமராவே தெரியலை'ன்னு சிஸ்டம் சொல்லுது. அதுக்கு மருந்து கீழே வருது.

வாட்ச்மேன்கிட்ட கேளுங்க!

கேமரா ஆப்புல மூஞ்சி பளிச்னு தெரியுது, ஆனா மீட்டிங்ல மட்டும் இருட்டா? அப்போ கேமரா பாஸ்! நடுவுல நிக்கிற வாட்ச்மேன்தான் விட மாட்டேங்குறார்.

விண்டோஸ் 11-ல செட்டிங்ஸ் போய், பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள்ள கேமராவைத் தட்டுங்க. அங்க மூணு அடுக்கு இருக்கு. மொத்தக் கேமராவுக்கும் ஒரு சுவிட்ச். ஸ்டோர்ல இருந்து இறக்கின ஆப்களுக்கு ஒரு சுவிட்ச், கூடவே ஆப் வாரியா லிஸ்ட். பக்கத்தோட அடியில 'டெஸ்க்டாப் ஆப்ஸ்'னு தனியா ஒரு சுவிட்ச். குரோம் மாதிரி பிரவுசர் எல்லாம் இந்தக் கடைசி சுவிட்சுக்குள்ளதான் வரும். மேல இருக்கிற ரெண்டையும் ஆன் பண்ணிட்டு, கீழ இருக்கிறதைப் பார்க்காமலே புலம்புறவங்கதான் அதிகம்!

பிரவுசர்ல இன்டர்வியூன்னா அங்க இன்னொரு வாட்ச்மேன் உண்டு. முகவரிப் பட்டையோட இடது ஓரத்துல இருக்கிற ஐகானைத் தட்டி, அந்தத் தளத்துக்குக் கேமரா அனுமதி இருக்கான்னு பாருங்க. சில ஆன்டிவைரஸ்ல 'வெப்கேம் பாதுகாப்பு'ன்னே ஒரு வசதி இருக்கும். அதுவும் கேட்டைச் சாத்தும்.

மேக் பார்ட்டிகளும் தப்பிக்க முடியாது. 2018-ல வந்த மொஹாவியில இருந்து ஒவ்வொரு ஆப்பும் கேமராவுக்குத் தனியா அனுமதி கேட்கணும். கேட்ட அன்னிக்கு அவசரத்துல 'நோ' அமுக்கியிருந்தா, சிஸ்டம் செட்டிங்ஸ்ல பிரைவசிக்குள்ள போய் நீங்களேதான் மாத்தணும்.

மொழிபெயர்ப்பாளர் மாறிட்டாரா?

வாட்ச்மேன் ஓகே, ஆனாலும் இருட்டு. அப்போ அடுத்த சந்தேகம் டிரைவர் மேல.

வெப்கேமரா பேசுற பாஷைக்கு 2003-லயே ஒரு பொது இலக்கணம் போட்டாங்க. பேரு யுவிசி, அதாவது யுஎஸ்பி வீடியோ கிளாஸ். இந்தப் பாஷை பேசுற கேமராவுக்குத் தனி டிரைவர் தேவையில்லை. விண்டோஸ்லயே பொதுவான ஒண்ணு இருக்கு. லினக்ஸ் கெர்னல்ல 2008-ல இருந்து இருக்கு. ஆனா லேப்டாப் கம்பெனிகள் இதுக்கு மேல தங்களோட சொந்த டிரைவரையும் போட்டு அனுப்புவாங்க. அப்கிரேடு பண்ணும்போது இதுல ஒண்ணு போய் இன்னொண்ணு வந்து உக்காரும். அங்கதான் ரகளை!

அந்தக் காலத்துல ஒரு சூப்பர் கூத்து நடந்துச்சு. சில லேப்டாப்ல கேமராவைத் தலைகீழா பொருத்தியிருந்தாங்க. கம்பெனி டிரைவர் படத்தைத் திருப்பிப்போட்டுச் சமாளிச்சுது. சிஸ்டத்தை மாத்தினதும் பொது டிரைவர் வந்துடுச்சு. அதுக்கு இந்த ரகசியம் தெரியாது. ஆளு வவ்வால் மாதிரி தலைகீழா தொங்க ஆரம்பிச்சுட்டார்! லினக்ஸ் பக்கம் 'இன்னின்ன மாடல்ல கேமரா தலைகீழ்'னு ஒரு பட்டியலே போட்டு வெச்சு சரி பண்ணினாங்க.

சரி, வேலைக்கு வருவோம். ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணி டிவைஸ் மேனேஜரைத் திறங்க. கேமராஸ், இல்லைன்னா இமேஜிங் டிவைசஸ்னு ஒரு தலைப்பு இருக்கும். அதுல...

கேமரா மேல கீழ்நோக்கின அம்புக்குறி இருந்தா, அது டிஸேபிள் ஆகியிருக்கு. ரைட் கிளிக் பண்ணி எனேபிள் கொடுங்க. கதை முடிஞ்சுது!

மஞ்சள் முக்கோணம் இருந்தா டிரைவர் தகராறு. ப்ராப்பர்டீஸ்ல டிரைவர் பக்கம் போய் 'ரோல் பேக்' பட்டன் உயிரோட இருக்கான்னு பாருங்க. இருந்தா பழைய டிரைவரே திரும்பி வந்துடும். இல்லைன்னா, 'அப்டேட் டிரைவர்' கொடுத்து, கம்ப்யூட்டர்ல இருக்கிற லிஸ்டுல இருந்து நானே எடுத்துக்கிறேன்னு சொல்லுங்க. அதுல 'யுஎஸ்பி வீடியோ டிவைஸ்'னு இருக்கிறதுதான் அந்தப் பொது டிரைவர். அதைப் போட்டுப் பாருங்க.

ஒரு எச்சரிக்கை. கடந்த சில வருஷங்கள்ல வந்த சில மெல்லிய லேப்டாப்ல கேமரா யுஎஸ்பி வழியா வர்றதில்லை. நேரா பிராசஸர் பக்கத்துல இருக்கிற இமேஜ் சிப்போட பேசும். அதுக்குப் பொது டிரைவர் எடுபடாது. உங்க மாடல் நம்பரைப் போட்டு, லேப்டாப் கம்பெனியோட தளத்துல இருந்தே டிரைவரை இறக்குங்க. 'ஒரே கிளிக்ல எல்லா டிரைவரும் ரெடி'ன்னு கூவுற இலவச சாஃப்ட்வேர் பக்கம் மட்டும் தலைவெச்சுப் படுக்காதீங்க. கேமரா வரலாம், வராமப் போகலாம். கூடவே வேண்டாத விருந்தாளி வந்து உக்காந்துட்டா, கிளப்புறது ரொம்பக் கஷ்டம்!

பெரிய தலையே சறுக்கின கதை

'எல்லாம் பார்த்துட்டேன், என் மேல தப்பே இல்லை'ங்கிறீங்களா? இருக்கலாம். 2016 ஆகஸ்ட்ல விண்டோஸ் 10-க்கு ஆனிவர்சரி அப்டேட் வந்துச்சு. வந்த கையோட உலகம் பூரா ஏகப்பட்ட வெப்கேமரா உறைஞ்சு நின்னுடுச்சு. கேமரா நல்லாத்தான் இருந்துச்சு!

காரணத்தைக் கணக்காவே பார்க்கலாம். 1920-க்கு 1080 படம், ஒரு புள்ளிக்கு 2 பைட், நொடிக்கு 30 படம். பெருக்கினா நொடிக்கு 12 கோடியே 44 லட்சம் பைட். பிட் கணக்குல கிட்டத்தட்ட 100 கோடி. யுஎஸ்பி 2.0-வோட உச்ச வேகமே நொடிக்கு 48 கோடி பிட்தான். அதனால கேமரா படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். பல ஆப்களும் அந்தச் சுருக்கின படத்தைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்துச்சு. ஒரே கேமராவைப் பல ஆப்கள் பங்கு போட்டுக்கட்டும்னு மைக்ரோசாஃப்ட் நடுவுல ஒரு புது ஏற்பாட்டைச் சொருகினாங்க. அந்த ஏற்பாடு சுருக்கின படத்தை ஆப்களுக்குக் கொடுக்க மறுத்துடுச்சு. ஆப்கள் முழிச்சுது. பிறகு வந்த அப்டேட்கள்ல சரி பண்ணினாங்க. அன்னிக்கு அவசரப்பட்டுப் புதுக் கேமரா வாங்கினவங்களுக்கு அந்தக் காசு தண்டம்!

அதனால கேமரா போச்சுன்னதும் விண்டோஸ் அப்டேட் பக்கத்தை ஒரு தடவை திறந்து, புது அப்டேட் காத்திருக்கான்னு பாருங்க. கெடுத்த கையே மருந்தும் அனுப்பியிருக்கலாம்.

கடைசித் தீர்ப்பு: பென்டிரைவ்!

ஹார்டுவேரா, சாஃப்ட்வேரா? இதைக் கண்டுபிடிக்க ஒரு அருமையான டெஸ்ட் இருக்கு. ஒரு பென்டிரைவ்ல உபுண்டுவை ஏத்தி, அதுல இருந்தே லேப்டாப்பை பூட் பண்ணுங்க. இன்ஸ்டால் பண்ண வேண்டாம், 'ட்ரை' மட்டும் போதும். அங்க கேமரா வேலை செஞ்சா கேமராவும் ஓகே, வயரும் ஓகே. கோளாறு விண்டோஸ்லதான். வேலை செய்யலைன்னா ஹார்டுவேர் மேல சந்தேகம் வலுக்குது. ஆனா மேல சொன்ன யுஎஸ்பி இல்லாத ரகக் கேமராவுக்கு இந்தத் தீர்ப்பு செல்லாது. அது லினக்ஸ்லயும் தகராறு பண்ணும். பூட் செட்டிங்ஸ்ல கைவைக்கிறதுக்கு முன்னாடி பிட்லாக்கர் ரெகவரி கீயை எழுதி வெச்சுக்குங்க. கேட்டுத் தொலைச்சா பதில் சொல்லணும்ல!

மூடியை முன்னும் பின்னும் அசைக்கும்போது படம் வந்து வந்து போனா, கீல் வழியா வர்ற மெல்லிய வயர் தேய்ஞ்சிருக்கலாம். அது கடை வேலைதான்.

கடைக்குப் போகும்போது

லேப்டாப்ல உங்க ஃபோட்டோ, சாட், சர்டிஃபிகேட், பேங்க் லாகின் எல்லாம் இருக்கு. கேமராவை மாத்த உங்க பாஸ்வேர்டு எதுக்கு? டெஸ்ட் பண்றதுக்குன்னு ஒரு தனி அக்கவுன்ட் போட்டு, அதை மட்டும் கொடுங்க. ஃபைல்களை பேக்கப் எடுத்துக்குங்க. மாத்தின பழைய கேமராவைக் கையில கேட்டு வாங்குங்க. 'உபுண்டுலயும் வரலைங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. கவுன்ட்டர்ல இருக்கிறவர் உங்களைப் பார்க்கிற பார்வையே மாறும்!

நாளைக்கே இன்டர்வியூன்னா?

ராத்திரி பூரா டிரைவரோட மல்லுக்கட்டாதீங்க. போன்லயே மீட்டிங்ல சேரலாம். இல்லைன்னா ஆண்ட்ராய்டு போனையே வெப்கேமரா ஆக்கலாம். விண்டோஸ் 11-ல அதுக்கு வசதி இருக்கு, தனி ஆப்களும் இருக்கு. போனை நாலு புக்கு மேல கண் உயரத்துல நிக்க வெச்சு, வெளிச்சம் முகத்துல விழுற மாதிரி உக்காந்தா போதும். ஆனா ஆன்லைன் எக்ஸாம்ல போன் தெரிஞ்சாலே வம்பு, அதுக்கு முன்கூட்டியே அனுமதி கேட்டுடுங்க.

இன்னொரு கதவும் இருக்கு. அப்கிரேடு பண்ணி 10 நாளுக்குள்ளன்னா, செட்டிங்ஸ்ல ரெகவரிக்குள்ள 'கோ பேக்' கொடுத்துப் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம். ஆனா விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்னு போச்சுங்கிறதால, அது சத்திரத்துல தங்குற மாதிரி. குடித்தனம் பண்ண முடியாது!

இந்த வாரப் பஞ்ச்: பரீட்சைக்கு முந்தின நாள் மொட்டை அடிச்சுக்கலாம், தப்பில்லை. இன்டர்வியூவுக்கு முந்தின நாள் மட்டும் அப்கிரேடு பட்டனை அமுக்காதீங்க!