லாரி கவிழ்ந்தால்...

திசையன்விளைப் பக்கம் லாரி கவிழ்ந்தால் முதலில் ஓடுவது நம் இளைஞர்கள்தாம். பாராட்டுகிறோம். ஆனால் ஓடியதும் என்ன செய்கிறோம்? நசுங்கிய கேபினிலிருந்து டிரைவரைக் கையைப் பிடித்து இழுக்கிறோம். முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்த இழுப்பே அவரை ஆயுளுக்கும் முடமாக்கிவிடும். தீப்பிடிக்கும் அபாயம் இல்லையென்றால் அசைக்காதீர்கள். என்ஜினை அணையுங்கள், ரத்தம் வழியும் இடத்தை அழுத்திப் பிடியுங்கள், 108க்கும் 101க்கும் சொல்லுங்கள்.

டேங்கரா? கூட்டத்தை விலக்குவதே முதல் வேலை. 2017 ஜூன் 25, நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள். பாகிஸ்தானின் பஹாவல்பூர் அருகே கவிழ்ந்த டேங்கரில் பெட்ரோல் பிடிக்கக் கூடிய கூட்டத்தில் 200க்கும் மேற்பட்டோர் கருகி மாண்டனர். (நம்மூரில் கூடமாட்டார்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்!)

போலீஸ், கோர்ட் என்று அஞ்ச வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 134ஏ பிரிவு உதவுவோரைப் பாதுகாக்கிறது. தீயணைப்பு வீரர்களை அழைத்து ஒரு ஜும்ஆவுக்குப் பின் பயிற்சி தர நம் ஜமாஅத்துகள் முன்வருமா?