ஒகாடாவின் 2017

யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி முடித்துவிட்ட ஆட்டத்தில், ஒருவனுக்கு முதலிடம் கொடுப்பது எந்தக் கணக்கில்? ரெஸ்லிங் பிரியர்கள் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. தொண்ணூறுகளில் நம் பிள்ளைகள் விளையாடிய ட்ரம்ப் கார்டுகளில் ரேங்க், உயரம், எடை, மார்பளவு எல்லாம் இருந்தன. அடி விழும்போது அதை எப்படி வாங்குகிறான் என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை. என் மதிப்பெண் பட்டியல் அங்கிருந்துதான் தொடங்கும்.

ஜப்பானின் கசுச்சிகா ஒகாடாவுக்கு 2017 எப்படி அமைந்தது என்று பாருங்கள். நியூ ஜப்பான் நிறுவனத்தின் ஹெவிவெயிட் பெல்ட் அந்த ஆண்டு முழுக்க அவர் இடுப்பில்தான் இருந்தது. கனடாக்காரர் கென்னி ஒமேகாவுடன் மூன்று முறை மோதினார். ஜனவரி 4, டோக்கியோ டோமில் 46 நிமிடம் போராடி ஒகாடா வென்றார். ஜூன் 11, ஒசாகாவில் 60 நிமிடமும் தீர்ந்து டிரா. ஆகஸ்ட் 12, டோக்கியோவின் ரியோகோகு அரங்கில், பெல்ட் பணயம் இல்லாத ஜி1 தொடர் ஆட்டத்தில் ஒமேகா வென்றார். ஐந்து நட்சத்திரமே உச்சம் என்று பலரும் நினைத்திருந்த அளவுகோலில், விமர்சகர் டேவ் மெல்ட்சர் இவற்றுக்கு முறையே 6, 6¼, 6 என்று கொடுத்தார்.

எனக்கு நட்சத்திரங்களைவிட முக்கியம், மூன்றையும் கோத்த இழை. எதிராளியைத் தோளில் ஏற்றித் தலைகுப்புற இறக்கும் 'ஒன் விங்டு ஏஞ்சல்' ஒமேகாவின் பிரம்மாஸ்திரம். ஜனவரியில் அது ஒகாடாமீது ஒருமுறைகூட விழவில்லை; தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தார். ஜூனில் விழுந்தது; ஆனால் நடுவர் மூன்று எண்ணுவதற்குள் ஒகாடாவின் கால் கயிற்றைத் தொட்டுவிட்டது. ஆகஸ்டில் கயிறு எட்டவில்லை. அதற்கு நான்கு நாள் முன்புதான் மினோரு சுசுகியுடன் 30 நிமிடம் அடிபட்டு டிரா செய்திருந்தார். அந்தக் களைப்பு சேர்ந்ததால்தான் தோல்வி நம்பும்படி இருந்தது. ஒரே ஒரு பிடியை வைத்து எட்டு மாதம் கதை சொல்ல, அடிப்பவனைவிட அடி வாங்குபவனுக்கு ஞாபகம் வேண்டும். ஒகாடாவுக்கு அது இருந்தது.

ஏப்ரல் 9 ஆட்டத்துக்கு மட்டும் மதிப்பெண் போட என் கை வரவில்லை. கட்சுயோரி ஷிபாட்டா தன் நெற்றியால் ஒகாடாவின் தலையில் மோதிய சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. அன்று ஷிபாட்டாவுக்கு மூளையுறையின் கீழ் ரத்தம் கட்டி, அவசர அறுவை சிகிச்சை நடந்தது. ஆட்டம் அற்புதம் என்று எழுதியவர்கள் உண்டு. ஒகாடா தன் பங்கைக் குறையின்றிச் செய்தார், உண்மை. ஆனாலும் ஒரு மனிதன் நிஜமாகவே உடைந்துபோன இரவை என் வரிசையில் ஏற்ற மாட்டேன். 2022 ஜனவரியில் ஷிபாட்டா முழு ஆட்டம் ஆடத் திரும்பியபோதுதான் மனம் கொஞ்சம் ஆறியது.

2017இல் அமெரிக்காவின் 'புரோ ரெஸ்லிங் இல்லஸ்டிரேட்டட்' பத்திரிகை தன் 500 பேர் பட்டியலில் ஒகாடாவை முதலில் வைத்தது. உள்ளூர் 'டோக்கியோ ஸ்போர்ட்ஸ்' நாளிதழோ, சிறந்த ஆட்டம் என்று ஜனவரி மோதலைத் தேர்ந்துவிட்டு, ஆண்டின் சிறந்த வீரர் விருதை டெட்சுயா நைட்டோவுக்குக் கொடுத்தது. ஹெவிவெயிட் பெல்ட் இல்லாதவருக்கு விருதா என்று கோபப்படத் தேவையில்லை. நைட்டோ நுழைந்தால் அரங்கம் எப்படிக் கொதிக்கும் என்று கேட்டவர்களுக்கு அந்தத் தீர்ப்பின் நியாயம் புரியும். ஒமேகாவை வீழ்த்தி ஜி1 தொடரை வென்றவரும் அவர்தான்.

இருந்தும் என் ஓட்டு ஒகாடாவுக்கே. காரணம் டோக்கியோ டோம் அல்ல, பிப்ரவரி 5, சப்போரோ. சுசுகி நாற்பது நிமிடம் அவர் காலையே குறிவைத்து முறுக்கினார். பெரிய சாகசம் ஒன்றும் இல்லை, நட்சத்திரப் பேச்சும் அவ்வளவு எழவில்லை. ஓர் ஆள் நொண்டிக்கொண்டே நின்றதை வைத்து ஒகாடா அத்தனை நேரம் என்னைக் கட்டிப்போட்டார். 2017இல் அதை வேறு யாரும் செய்து நான் பார்க்கவில்லை.