சைக்கிள் கேட்பது மூன்றடிதான்

2013 அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை. டெல்லி எய்ம்ஸ் பகுதியில் காலை நேரத்தில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த பெண் ஒருவரை, வேகமாக வந்த கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அந்த வழியாகப் போன முகம் தெரியாத மனிதர்கள்தான் அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். எலும்பு முறிவுகளோடு படுத்திருந்தவர் சுனிதா நாராயண். டெல்லிப் பேருந்துகளை டீசலிலிருந்து சிஎன்ஜிக்கு மாற்ற வைத்த போராட்டத்தில் முன்னணியில் நின்ற அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் தலைவர். ஓரளவு தேறியபின், சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் இடமே விடாமல் நகரங்கள் போடும் சாலைகளைப் பற்றி எழுதினார்.

பத்தாண்டுகள் கழித்து, 2024 பிப்ரவரி 28 அன்று, நவி மும்பையின் பாம் பீச் சாலையில் அதிகாலை சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த அவ்தார் சைனியைப் பின்னால் வந்த வாடகைக் கார் மோதியது. இன்டெல் நிறுவனத்தின் இந்தியப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் அவர். பென்டியம் சில்லுகளை உருவாக்கியவர்களில் ஒருவர். உயிர் பிழைக்கவில்லை.

இந்த இரண்டு விபத்துகளும் நாடு முழுக்கச் செய்தியாயின. மற்றவை ஆவதில்லை. ‘சைக்கிளில் சென்ற முதியவர் பேருந்து மோதி பலி’ என்று மாவட்டப் பக்கத்தின் மூலையில் நான்கு வரி வரும், அதோடு சரி. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்கின்படி 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்த சைக்கிள் ஓட்டிகள் 4,800க்கும் மேல். நாளொன்றுக்குப் பதின்மூன்று பேர். அதே ஆண்டில் சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள்.

சைக்கிள் ஒழிந்துபோன வண்டி என்று நினைப்பவர்கள் விடியற்காலையில் ஒருமுறை தெருவுக்கு வந்து பார்க்கலாம். பால் பாக்கெட்டும் பேப்பரும் இன்னும் சைக்கிளில்தான் வருகின்றன. கேரியரில் டீ கேனைக் கட்டிக்கொண்டு வருபவர், இரவுப் பணி முடிந்து திரும்பும் காவலாளி, கட்டட வேலைக்குப் போகும் வடமாநில இளைஞர் என்று ஒரு நகரத்தை எழுப்புகிறவர்கள் எல்லாரும் இரண்டு சக்கரத்தில் மிதித்துத்தான் வருகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களில் 45 சதவீதத்திடம் சைக்கிள் இருந்தது. கார் இருந்ததோ 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களிடம். சாலையை வடிவமைக்கும்போது மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

சென்னையில் 1970-ல் நடந்த பயணங்களில் ஐந்தில் ஒன்று சைக்கிளில் நடந்தது. 2008-ல் எடுத்த போக்குவரத்து ஆய்வில் அது 6 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. மாதத் தவணையில் பைக் கிடைத்தது ஒரு காரணம். ஊர் பெரிதானது இன்னொரு காரணம். ஆனால் கடைக்குப் போகவும் டியூஷனுக்குப் போகவும் இரண்டு கிலோமீட்டர் மிதிக்க முடிந்தவர்கள்கூட மிதிப்பதை நிறுத்தியது ஏன்? பயம். பிள்ளையைச் சைக்கிளில் அனுப்பிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நிற்க எந்தத் தாயாலும் முடியாது.

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. காலை எட்டரை மணிக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலை போன்ற ஒரு சாலையில் சைக்கிள் ஓட்டுபவரைக் கவனித்தால் புரியும். ‘ஓரமாப் போக வேண்டியதுதானே?’ என்று எல்லாரும் அவரிடம் சொல்வார்கள். ஓரத்தில் என்ன இருக்கிறது? பள்ளமாக இறங்கிய மழைநீர் வடிகால் மூடி, குவிந்த மணல், ஆள் ஏற்றும் ஷேர் ஆட்டோ, நிறுத்திவைத்த கார்கள். அந்தக் கார்களில் ஒன்றின் கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. அதற்குப் பயந்து இரண்டடி வலப்பக்கம் ஒதுங்கினால், பின்னால் ஹாரன்.

அப்போது பேருந்து வருகிறது. சைக்கிளைத் தாண்டிப் போய், இடப்பக்கம் ஒடித்து நிறுத்தத்தில் நிற்கிறது. சைக்கிள்காரர் பிரேக் பிடித்து நிற்க வேண்டும். இல்லையென்றால் பேருந்தின் வலப்பக்கமாக, வேகமாக வரும் கார்களுக்கு நடுவே புகுந்து தாண்ட வேண்டும். தாண்டி முப்பது மிதி மிதிப்பதற்குள் அதே பேருந்து மறுபடி பின்னால் வந்து நிற்கும். நெரிசலில் நின்று நின்று போகும் மாநகரப் பேருந்தின் சராசரி வேகமும் சைக்கிளின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால், இந்த முந்துதலும் பிந்துதலும் அடுத்த நிறுத்தத்திலும், அதற்கடுத்ததிலும் தொடரும். ஒவ்வொரு முறையும் இருவரில் ஒருவர் தவறாமல் இருக்க வேண்டும்.

இதைவிட ஆபத்தானது பேருந்தின் இடப்பக்கத்தில் சிக்கிக்கொள்வது. ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம், அதுவும் உயரத்தில். முன் இடது மூலையை ஒட்டி வரும் சைக்கிள் அவர் கண்ணாடியில் தெரியாமல் போக வாய்ப்பு அதிகம். நீளமான வண்டி இடதுபுறம் திரும்பும்போது முன்சக்கரம் போகும் தடத்தில் பின்சக்கரம் போகாது. உள்வாங்கி, தெருமுனையை ஒட்டி வரும். அந்த இடைவெளியில் நிற்பவருக்கு ஒதுங்க இடமே இருக்காது. லண்டனில் சைக்கிள் ஓட்டிகள் பலர் இப்படித்தான் லாரிகளின் கீழ் இறந்தார்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்று அளந்து, போதாவிட்டால் கூடுதல் பாதுகாப்புக் கருவிகள் பொருத்தினால்தான் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு நகருக்குள் அனுமதி என்ற விதியை 2021 மார்ச் முதல் அங்கே அமல்படுத்தினார்கள்.

ஆனால் பேருந்து ஓட்டுநரை வில்லனாக்குவது நியாயமல்ல. நேரத்துக்கு டெப்போ போய்ச் சேர வேண்டும், படியில் தொங்கும் பையன்களைப் பார்க்க வேண்டும், குறுக்கே வெட்டும் பைக்குகளைச் சமாளிக்க வேண்டும். அறுபது எழுபது பேரைச் சுமக்கும் பேருந்தும் ஒரே ஆளைச் சுமக்கும் சைக்கிளும் உண்மையில் ஒரே கட்சி. சாலையில் மிகக் குறைந்த இடத்தை எடுத்துக்கொண்டு மனிதர்களை நகர்த்துபவை இவை இரண்டும்தான். ஓரத்தின் ஆறடியை நாள் முழுக்க அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கார்கள்தான் இந்த இருவரையும் ஒரே தடத்தில் தள்ளி மோதவிடுகின்றன.

பாரிஸ் இதைப் புரிந்துகொண்டது. 2001-லிருந்தே அங்கே பேருந்துத் தடங்களை அகலப்படுத்தி, சைக்கிள்களையும் அவற்றில் அனுமதித்தார்கள். பிறகு தனிப் பாதைகள் வந்தன. 2021 ஆகஸ்டு முதல் நகரின் பெரும்பாலான தெருக்களில் வேக வரம்பு மணிக்கு 30 கி.மீ. சைக்கிளைத் தாண்டும் வாகனம் ஊருக்குள் குறைந்தது ஒரு மீட்டர், அதாவது மூன்றடிக்குச் சற்று அதிகம், தள்ளிப்போக வேண்டும் என்பது பிரான்ஸ் நாட்டுச் சட்டம். 2024-ல் வெளியான ஆய்வின்படி பாரிஸ் நகருக்குள் நடக்கும் பயணங்களில் 11.2 சதவீதம் சைக்கிளில், காரில் 4.3 சதவீதம்தான். நம் ஊரில் அந்த மூன்றடியை முடிவு செய்வது ஓட்டுநரின் அன்றைய மனநிலை.

‘அது ஐரோப்பா, அங்கே எல்லாம் முடியும்’ என்று சொல்பவர்கள் நெதர்லாந்தின் கதையை மறந்துவிடுகிறார்கள். 1971-ல் அந்தச் சின்ன நாட்டின் சாலைகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேல் குழந்தைகள். போருக்குப் பின் வந்த கார் மோகத்தில் சைக்கிள் பாதைகளை அழித்துவிட்டிருந்தார்கள். ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்ற முழக்கத்தோடு பெற்றோர் தெருவில் உட்கார்ந்தார்கள். 1973-ன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகுதான் அரசு மாறியது, சாலை மாறியது. டச்சுக்காரர்கள் பிறவியிலேயே சைக்கிள் பிரியர்கள் என்பதெல்லாம் சுற்றுலாக் கையேட்டுக் கதை.

இந்தியாவிலும் முயற்சி இல்லாமல் இல்லை. டெல்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கி.மீ. தூரத்துக்கு, நடுவில் பேருந்துத் தடமும் ஓரத்தில் சைக்கிள் பாதையுமாக ஒரு சாலை 2008-ல் திறக்கப்பட்டது. கார்காரர்கள் கொதித்தார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் போனது. காரில் போகிறவர்கள் நாட்டுக்குச் செல்வம் சேர்ப்பவர்கள், அவர்களைக் காக்கவைக்கலாமா என்றுகூட அங்கே வாதிடப்பட்டது! 2012-ல் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆனால் 2016-ல் அரசே அந்தத் தடத்தை இடித்துவிட்டது. கொல்கத்தாவில் இன்னும் மோசம்: நெரிசலைக் காரணம் காட்டி 2013-ல் 174 சாலைகளில் சைக்கிளுக்கே தடை விதித்தார்கள்.

சென்னையின் நிலை வேறு. இங்கே கொள்கைக்குக் குறைவில்லை. 2014-ல் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குமாகத் தனிப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்ற முதல் இந்திய நகரம் சென்னை. மாநகராட்சியின் போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் இவர்களுக்கே என்று அதில் எழுதப்பட்டது. பலன் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. பல சாலைகளில் நடைபாதைகள் அகலமாயின. 2019-ல் பாண்டி பஜார் நடைவளாகம் வந்தது. அதே காலத்தில் வாடகை சைக்கிள் நிலையங்களும் வந்தன. வண்டி வந்துவிட்டது, அதை ஓட்டுவதற்கான வழிதான் வரவில்லை. வீட்டில் ஏறி அலுவலகத்திலோ பள்ளியிலோ இறங்கும்வரை அறுபடாமல் போகும் பாதுகாப்பான சைக்கிள் வலைப்பின்னல் இன்றும் சென்னையில் இல்லை.

இடமில்லை என்பது அதிகாரிகளின் முதல் பதில். ஒரு வழிச் சைக்கிள் பாதைக்கு இரண்டு மீட்டர் போதும். ஓரத்தில் ஒரு வரிசை கார் நிறுத்த ஒதுக்கும் அகலம் அது. ‘பாதை போட்டால் பைக்காரர்கள் ஏறிவிடுவார்கள், கடைக்காரர்கள் பெட்டி போடுவார்கள்’ என்பது இரண்டாவது பதில். அது உண்மைதான். அதனால்தான் தார் மேல் வெள்ளைக் கோடு இழுப்பதைப் பாதை என்று சொல்லக்கூடாது. சாலையிலிருந்து சற்று உயர்த்திய கரை வேண்டும், நுழைவில் கம்பம் வேண்டும், பேருந்து நிறுத்தத்தில் பாதை பயணிகள் நிற்கும் மேடைக்குப் பின்புறமாக வளைந்து போக வேண்டும். அப்படிச் செய்தால் பேருந்தும் சைக்கிளும் ஒன்றையொன்று முந்த வேண்டிய தேவையே எழாது.

அகலமே இல்லாத தெருக்களில் செய்யக்கூடியது வேகத்தைக் குறைப்பது. 30 கி.மீ. வேகத்தில் வரும் காரைவிட 60-ல் வரும் காரின் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்போகும் விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குடியிருப்புப் பகுதிகளில் 30 கி.மீ. என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023-ல் அறிவித்தது. பலகை வைத்தால் மட்டும் வேகம் குறையாது. தெருமுனையைக் குறுக்கி, உயர்த்திய நடைக்கடவை போட்டால் குறையும்.

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் பொறுப்பு உண்டு. எதிர்த்திசையில் வருவது, காதில் இயர்போன் மாட்டிக்கொள்வது, இருட்டில் விளக்கில்லாமல் போவது எல்லாம் தற்கொலைக்குச் சமம். ஒரு காலத்தில் டைனமோ விளக்கு எரியவில்லை என்றால் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். நகராட்சிக்கு வரி கட்டி வில்லை வாங்கி மாட்ட வேண்டும். சைக்கிளிடம் அவ்வளவு கறாராக இருந்த அரசு, சைக்கிளுக்கு இடம் தரும் விஷயத்திலும் கறார் காட்டினால் என்ன?

தமிழ்நாட்டுக்கு இதில் கூடுதல் கடமை இருக்கிறது. 2001-ல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பிறகு அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர்கள் அனைவருக்கும் விரிந்தது. ஆட்சிகள் மாறியும் நின்றுபோகவில்லை. ஒவ்வோர் ஆண்டும் லட்சக்கணக்கான பதினாறு வயதுப் பிள்ளைகளின் கையில் சைக்கிளைக் கொடுத்து, சாலைக்கு அனுப்பிவைப்பது அரசுதான். அந்தப் பிள்ளை பத்திரமாக வீடு திரும்புவதற்கும் அரசுதான் பொறுப்பு.

நகரம் முழுக்க ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளியைச் சுற்றியும் மூன்று கிலோமீட்டருக்குள் பிள்ளைகள் வரும் வழிகளைப் பள்ளியிலேயே கேட்டு வரைபடம் எடுங்கள். அந்த வழிகளில் வடிகால் மூடிகளைச் சாலை மட்டத்துக்கு ஏற்றுங்கள், பள்ளி நேரத்தில் ஓரம் நிறுத்தும் கார்களை அகற்றுங்கள், வேகத்தை 30-க்குள் கட்டுங்கள், அகலம் உள்ள சாலையில் தனிப் பாதை போடுங்கள். பள்ளிக் கல்வித் துறை, நெடுஞ்சாலைத் துறை, மாநகராட்சி, காவல்துறை, போக்குவரத்துக் கழகம் ஐந்தும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் ஒரு கல்வியாண்டுக்குள் தொடங்கிவிடக்கூடிய வேலை இது. அடுத்த முறை சைக்கிள் வழங்க மேடை ஏறும் உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் வார்டு கவுன்சிலரிடமும், இந்தப் பள்ளிக்கு அந்த வரைபடம் தயாரா என்று கேளுங்கள்.