குளம் யாருடைய சொத்து?

தோழர்களே,

இன்று மார்ச் 20. 1927இல் இதே நாளில்தான் மகாராஷ்டிராவின் மகாட் நகரில், சவுதார் குளத்தில் இறங்கி அண்ணல் அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். அவருக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானோர் குடித்தார்கள். இந்தக் காட்சி நம் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அந்தக் குளத்துக்காக 10 வருஷம் நடந்த வழக்கைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்த வருஷம் அதைப் பேச ஒரு காரணம் இருக்கு.

ஒரு வாதம் இப்போ நம்ம பசங்க போன்ல வீடியோவா சுத்திக்கிட்டு இருக்கு. "என் உடம்பு எனக்குச் சொந்தம். அதனால என் உழைப்பும் எனக்குச் சொந்தம். உழைப்பால வந்த சொத்தும் எனக்குச் சொந்தம். மனித உரிமைன்னு தனியா ஒண்ணும் கிடையாது, எல்லாமே சொத்துரிமைதான். ஆகவே வரிங்கிறது திருட்டு, இடஒதுக்கீடு அடுத்தவன் பையில கை வைக்கிறது." முதல் வரியைக் கேட்டா நம்ம கட்சி மேடையில பேசுற மாதிரியே இருக்கும். அடிமையா கிடந்தவனுக்கு 'என் உடம்பு எனக்குச் சொந்தம்' என்பதைவிடப் பெரிய வார்த்தை எது? அதனாலதான் நம்ம பிள்ளைகளும் அதைப் பகிர்றாங்க.

இப்போ மகாடுக்குப் போவோம்.

பொதுக் குளம், கிணறுகளை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று 1923இல் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தை பம்பாய் சட்டமன்றம் நிறைவேற்றியது. மகாட் நகராட்சியும் அதை ஏற்றது. ஆனால் ஒரு தலித்கூட அந்தக் குளத்துப் பக்கம் போக முடியவில்லை. 1927இல் போனார்கள், அடிபட்டார்கள். பிறகு குளத்தில் சாணியும் கோமியமும் ஊற்றி 'தீட்டு' கழித்தார்கள். அந்த வருஷ டிசம்பரில் அண்ணல் மறுபடியும் ஆள் திரட்டியபோது, சாதி இந்துக்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். என்ன சொல்லிப் போனார்கள் தெரியுமா? சாஸ்திரத்தை முன்னால் வைக்கவில்லை. 'இது பொதுக் குளமே இல்லை, எங்களுடைய தனிச் சொத்து. எங்கள் சொத்தில் யாரை விடுவது என்பது எங்கள் உரிமை' என்றார்கள்.

முஸ்லிம்களும் மற்ற மதத்தாரும் அதே குளத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். மாடு குடித்தது. அப்போதெல்லாம் சொத்துரிமை ஞாபகம் வரவில்லை.

1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் எதனால் ஜெயித்தோம் என்பதைக் கவனிக்கணும். தீண்டத்தகாதோரை ஒதுக்கும் வழக்கம் நினைவுக்கெட்டாத காலத்திலிருந்து இருப்பதாக எதிர்த்தரப்பால் நிரூபிக்க முடியவில்லை, அதனால் ஜெயித்தோம். அவர்கள் கையில் பலமான பத்திரமும் பழைய சாட்சியும் இருந்திருந்தால்? தாகம் அதே தாகம்தான், மனுஷன் அதே மனுஷன்தான், தீர்ப்பு மட்டும் மாறியிருக்கும். உரிமையைச் சொத்திலிருந்து கிளப்பினால் கதை அங்கேதான் போய் நிற்கும்.

அண்ணல் தலைமையிலான குழு வரைந்த அரசியலமைப்பு அதற்கு இடம் வைக்கவில்லை. 15ஆவது பிரிவைப் படித்துப் பாருங்க. பொதுக் கிணறு, குளம், சாலை மட்டுமல்ல, கடை, உணவகம், தங்கும் விடுதி எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கு. கடை தனியார் சொத்துதானே? ஆனாலும் சாதியைச் சொல்லி வாசலில் நிறுத்த முடியாது. 'என் கடை, என் கிளாஸ், உனக்குத் தனி டம்ளர்' என்று சொன்ன டீக்கடைக்காரரும் சுத்தமான சொத்துரிமைதான் பேசினார்.

'என் உடம்பு என் சொத்து' என்பதற்கு வருவோம். சொத்து என்றால் விற்கலாம், அடகு வைக்கலாம். அப்போ என்னையே நான் விற்கலாமா? இது குதர்க்கம் இல்லை. இந்தத் தத்துவத்தின் பெரிய தலை ராபர்ட் நோசிக், 1974இல் எழுதிய புத்தகத்தில், சுதந்திரமான சமூகத்தில் ஒருவன் தன்னை அடிமையாக விற்றுக்கொள்ள அனுமதி உண்டு என்றே சொல்லிவிட்டார். நேர்மையான மனுஷன், தன் வாதம் போகிற இடம் வரைக்கும் போனார். அவருக்கு 300 வருஷம் முன்னால் இதைத் தொடங்கிவைத்த ஜான் லாக், ஒவ்வொரு மனிதனும் தன் உடலுக்குத் தானே உடைமையாளன் என்று எழுதியவர். அடிமை வியாபாரம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் அவருக்குப் பங்கும் இருந்தது.

நம்ம ஊர்ல இதுக்குப் பேரு கொத்தடிமை. செங்கல் சூளையிலோ அரிசி ஆலையிலோ ஒரு குடும்பம் கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ அட்வான்ஸ் வாங்குது. புருஷன், பொண்டாட்டி, பிள்ளைகள் என எல்லோரும் உள்ளே. கடன் தீரும்வரை வெளியே போகக் கூடாது, கணக்கு முதலாளி நோட்டில் மட்டும். "அவனாத்தானே கைநாட்டு வச்சான்" என்பார்கள். 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்தக் கைநாட்டையே செல்லாது என்கிறது, கடனும் ரத்து. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்தால் அதுவும் கட்டாய உழைப்புதான், பசியும் ஒரு கட்டாயம்தான் என்றது. தன்னை விற்கும் உரிமை அவனுக்கு இல்லை, ஏன்னா அவன் யாருடைய சொத்தும் இல்லை. தனக்குத்தானேகூட.

அப்போ சொத்தே வேண்டாமா? அப்படி யார் சொன்னது? பஞ்சமி நிலத்தை மீட்கச் சொல்லித் தெருவில் நிற்கிறவர்கள் நாம். பட்டா இல்லாதவன் படும் பாடு நமக்குத் தெரிந்த அளவுக்கு எந்த வீடியோக்காரருக்கும் தெரியாது. சாலை போட நிலத்தை எடுத்துக்கொண்டு 50 வருஷமாக இழப்பீடே தராத ஒரு மாநில அரசை, 2020இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. சொத்துரிமை இப்போது அடிப்படை உரிமை இல்லாவிட்டாலும் மனித உரிமை என்றது. நிலத்தை இழந்தவர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி. அந்தத் தீர்ப்பை நாம் வரவேற்கத்தான் வேண்டும்.

ஆனால் எது முதல், எது பிறகு என்பதுதான் கேள்வி. கீழத் தஞ்சையைப் பாருங்க. பண்ணையாள் குடிசை நின்ற மண்ணே மிராசுதாருடையது. கூலி உயர்த்திக் கேட்டால், 'என் இடத்தைக் காலி பண்ணு' என்ற ஒரே வார்த்தை போதும். பேச்சுரிமை, சங்கம் வைக்கும் உரிமை எல்லாம் சட்டத்தில் இருந்தது, நிற்க இடம்தான் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். இவ்வளவு நிலபுலன் உள்ள, கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய் இதைச் செய்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற பாணியில் எழுதி, உயர் நீதிமன்றம் மிராசுதாரர்களை விடுவித்தது. சொத்து அங்கே சாட்சிக் கூண்டிலும் ஏறியது.

1971இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளர் குடியிருக்கும் மனை அவர்களுக்கே சொந்தம். அவர்களிடம் பத்திரம் கிடையாது, விலை கொடுத்து வாங்கவும் இல்லை. வாழ்ந்தார்கள், அதனால் உரிமை. அந்த உரிமையிலிருந்து சொத்து வந்தது. வீடியோக்காரர் சொல்கிற வரிசைக்கு நேர் எதிர் வரிசை இது.

அடுத்த தடவை அந்த வீடியோவை யாராவது அனுப்பினா சண்டை போடாதீங்க. மகாட் வழக்கைச் சொல்லுங்க, போதும். இன்னொன்று. உங்க பகுதியில் சூளையிலோ ஆலையிலோ தோட்டத்திலோ அட்வான்ஸுக்காக ஒரு குடும்பம் அடைபட்டுக் கிடப்பது தெரிந்தால், மாவட்ட ஆட்சியருக்கும் வருவாய்க் கோட்டாட்சியருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள், நகலை ஒன்றியப் பொறுப்பாளரிடம் கொடுத்துவையுங்கள். மீட்டால் மட்டும் போதாது, விடுதலைச் சான்றிதழைக் கையில் வாங்கிய பிறகுதான் அந்தக் குடும்பத்தோடு ஊர் திரும்ப வேண்டும். அது இல்லாமல் போனால் கடன் நோட்டோடு முதலாளி மறுபடியும் வீட்டு வாசலுக்கு வருவார்.

ஜெய்பீம்.