சிப்பாய்க்கு ஊசி தயார், உழவனுக்கு?

யுத்தகளத்து விஷத்துக்கும் கம்மாபுரத்து நெல் வயலுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். இரண்டு இடத்து விஷமும் ஒரே வம்சம்!

1936-ஆம் ஆண்டில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி பூச்சிகளை ஒழிக்க மருந்து தேடினார். அகப்பட்டதோ மனிதனையே கொல்லும் 'டாபுன்'. அந்த ஆராய்ச்சியின் ஒரு கிளை ராணுவக் கிடங்குக்குப் போயிற்று. மற்றொன்று பூச்சிமருந்துக் கடைக்கு வந்து சேர்ந்தது. மானோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் எல்லாம் இந்தக் கிளையைச் சேர்ந்தவைதான்.

நரம்பு தசைக்கு உத்தரவிடுவது ஒரு ரசாயனத்தின் மூலம். உத்தரவு நிறைவேறியதும் அதை அழிக்க உடம்பில் ஒரு நொதி உண்டு. விஷம் அந்த நொதியைக் கட்டிப் போட்டுவிடுகிறது. பிறகு உத்தரவு ஓய்வதே இல்லை. எச்சில் பெருகுகிறது, தசை துடிக்கிறது, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு அடங்குகிறது.

அட்ரோபின் இந்த ஆட்டத்தை அடக்கும், கட்டை அவிழ்க்காது. அவிழ்க்க வந்தது பிராலிடாக்சைம். 1955-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் இர்வின் வில்சன் குழுவினர் கண்டது. 1995-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் 'சாரின்' பரவியபோது இவ்விரண்டும் கைகொடுத்தன.

நம் விவசாயிக்கு? மராட்டியத்துப் பாராமதியில் நடந்த பரிசோதனை, அதிக அளவில் தொடர்ந்து ஏற்றினால் பலன் உண்டு என்று 2006-ல் சொன்னது. இலங்கையில் 235 நோயாளிகளிடம் நடந்த பரிசோதனையோ 2009-ல் பலன் இல்லை என்று கைவிரித்தது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர்களும் இதைப் பரிசோதித்தவர்களே. வழக்கு இன்னும் தீரவில்லை.

இதில் வியப்பில்லை. போருக்குச் செய்த மருந்து, திடகாத்திரமான சிப்பாய்க்குச் சில நிமிஷங்களில் போடுவதற்கானது. குவாலியரில் நமது ராணுவ ஆராய்ச்சிக்கூடமே அவனுக்குத் தானியங்கி ஊசி செய்திருக்கிறது. மெத்தச் சரி. ஆனால் உழவன் வண்டி பிடித்து ஆஸ்பத்திரி சேர மணிக்கணக்காகிறது. அதற்குள் கட்டு இறுகிவிட்டால் எந்த மருந்தாலும் அவிழ்க்க முடியாது. எந்த விஷம் எவ்வளவு நேரத்தில் இறுகும் என்பதும் ஒன்றுபோல் இல்லை.

விஷத்தையே தடை செய்தால் தீர்ந்தது என்பார்கள். தடை வேண்டியதுதான். 1995-ல் இலங்கை மானோகுரோட்டோபாஸைத் தடை செய்தது. நம் மத்திய அரசு அதன் 36 சதவீதக் கரைசலுக்குத் தடை ஆணை போட 2023 ஆயிற்று. அந்த இடைவெளியில் செத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

ஆகவே ராணுவத்துக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்காவது இங்கே வரட்டும். மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளிலேயே பரிசோதனை நடக்கட்டும். என்ன பூச்சிமருந்து, எத்தனை மணி கழித்து வந்தார், எவ்வளவு மருந்து கொடுத்துப் பிழைத்தார் என்ற கணக்கை அங்கேதான் எழுத முடியும்.