நத்தையைக் கொல்லும் ஈ

கேள்வி: எங்கள் கழனி ஏரி மதகை ஒட்டி இருக்கிறது. வாய்க்காலில் நத்தை ஏராளம். அங்கே மேயும் பசுவுக்குத் தாடைக்குக் கீழே வீங்கி, பால் குறைந்துவிட்டது. நத்தைதான் காரணம் என்கிறார்கள். நத்தையை ஒழிக்கப் பூச்சி மருந்து அடிக்கலாமா?
– ஒரு வாசகர், சின்ன காஞ்சிபுரம்

பதில்: பூச்சி மருந்து அடிக்க வேண்டாம். முதலில் பசுவைக் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். தாடையில் நீர் கோத்துக்கொள்வது கல்லீரல் தட்டைப்புழுவின் அடையாளமாக இருக்கலாம். வேறு புழுக்களாலும் அப்படி வரும். சாணத்தைப் பரிசோதித்து மருத்துவர் சொல்லும் மருந்தை, சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும். வளராத இளம்புழு முட்டையிடாது என்பதால் சாணத்தில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். அதனால் நத்தை மிகுந்த இடத்தில் மாடு மேய்கிறது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நத்தைக்கும் மாட்டு நோய்க்கும் உள்ள தொடர்பு உண்மைதான். நோய் கண்ட மாட்டின் சாணத்தோடு புழுவின் முட்டை தண்ணீரில் சேருகிறது. முட்டையிலிருந்து வரும் நுண்புழு ஏறக்குறைய ஒரு நாளுக்குள் தனக்கேற்ற நத்தைக்குள் புகுந்தாக வேண்டும், இல்லையேல் செத்துவிடும். நத்தைக்குள் புகுந்த ஒரே புழு நூற்றுக்கணக்கில் பெருகி வெளியே நீந்தி வந்து, தண்ணீரோரப் புல்லில் கூடு கட்டி ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புல்லைத் தின்னும் மாட்டின் ஈரலுக்குப் புழு போய்ச் சேருகிறது. இடையில் நத்தை கிடைக்காவிட்டால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

சங்கிலியை அறுக்க இயற்கையே ஒரு காவலாளியை வைத்திருக்கிறது. அதுதான் நத்தைக்கொல்லி ஈ. உலகெங்கும் இந்தக் குடும்பத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நம் நாட்டு நெல் வயல்களிலும் வாய்க்கால் ஓரங்களிலும் இருப்பவை ‘செபிடான்’ என்ற வகையைச் சேர்ந்தவை. வீட்டு ஈயைவிட ஒல்லியான உடல், நீண்ட கால்கள், முன்னோக்கி நீட்டிய உணர்கொம்புகள், புகைபடிந்தாற்போன்ற இறக்கைகள். நெல் தாளிலும் கோரையிலும் பெரும்பாலும் தலைகீழாக உட்கார்ந்திருக்கும். இந்த ஈ பயிரைத் தொடுவதில்லை, மாட்டையும் கடிப்பதில்லை.

தண்ணீருக்கு மேலே நிற்கும் இலைகளில் இது வரிசையாக முட்டையிடும். பொரிந்து வரும் புழு தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்கும். காற்றுக் குமிழியை விழுங்கி மிதப்பதும், வாலடியை மேலே நீட்டி மூச்சு விடுவதும் இதன் வழக்கம். மூச்சு விட மேலே வரும் நத்தையைப் பிடித்து, ஓட்டுக்குள்ளே தலையை விட்டுச் சதையைத் தின்றுவிடும். ஒரு புழு வளர்ந்து முடிவதற்குள் பல நத்தைகளைக் கொன்றுவிடும். கூட்டுப்புழு சின்னப் படகைப் போல் இரு முனையும் வளைந்து மிதக்கும். நம் வெப்பத்தில் முட்டை முதல் ஈ வரை ஏறக்குறைய ஒரு மாதம்தான்.

இந்த ஈக்களின் புழு நத்தையைக் கொன்று தின்பதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பூச்சியியலாளர் கிளிஃபோர்டு பெர்க் 1953-இல் வெளியிட்டார். ஈரல் புழுவைப் பரப்பும் நத்தையைக் கட்டுப்படுத்த 1958-இல் நிகரகுவா நாட்டு ஈ ஒன்றை ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அது அங்கே நிலைத்துவிட்டது. அதே தீவுகளில் 1955-இல் ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்க விட்ட வேட்டை நத்தையோ உள்ளூர் நத்தை இனங்களையே தின்று தீர்த்தது. எனவே வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து விடும் ஆசை வேண்டாம். நம் கழனியில் ஏற்கெனவே இருப்பதைக் காப்பாற்றினால் போதும்.

நெல்லுக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லி பெரும்பாலும் நத்தையைச் சாகடிப்பதில்லை. இந்த ஈயைச் சாகடித்துவிடும். மயில்துத்தம் போட்டால் நத்தை சாகும், கூடவே மீனும் சாகும். ஏரித் தண்ணீர் ஊருக்கே பொது என்பதை நினைவில் வையுங்கள்.

செய்ய வேண்டியவை:

1. சொர்ணவாரி, சம்பா, நவரை எந்தப் பட்டமானாலும், பூச்சியின் சேதம் பொருளாதார எல்லையைத் தாண்டினால் மட்டும் மருந்து அடிக்கவும். வரப்பிலும் வாய்க்காலிலும் மருந்து படக்கூடாது.

2. வாய்க்கால் புல்லை ஒரேயடியாகச் செதுக்கவோ கொளுத்தவோ வேண்டாம். ஒரு பக்கம் சுத்தம் செய்தால் மறு பக்கத்தைச் சில வாரம் விட்டுவைக்கவும். ஈ முட்டையிட இடம் வேண்டும்.

3. மாட்டைத் தண்ணீரோரச் சேற்றில் மேயவிடாமல் மேட்டில் மேய்க்கவும். வீட்டில் தொட்டித் தண்ணீர் கொடுக்கவும். ஏரியோரப் புல்லை அறுத்தால் பச்சையாகப் போடாமல் நன்கு காயவைத்துப் போடவும்.

4. சாணத்தைக் குழியில் மக்கவைத்த பிறகே கழனிக்குக் கொண்டுபோகவும். பச்சைச் சாணம் வாய்க்காலில் விழக்கூடாது.

5. அறுவடைக்குப் பின் வாத்துக்காரர்கள் மந்தையோடு வந்தால் கழனியில் இறங்க விடுங்கள். வாத்து நத்தையை விரும்பித் தின்னும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். முருங்கையையும் பப்பாளியையும் மொய்க்கும் ஆப்பிரிக்க நத்தைக்கும், ஓட்டுக்கு மூடி உள்ள பெரிய நன்னீர் நத்தைக்கும் இந்த ஈயால் பெரிதாகப் பயன் இல்லை. ஆப்பிரிக்க நத்தையைக் கையால் பொறுக்கி உப்புக் கரைசலில் போடுவதே நல்லது, வெறுங்கையால் தொடவேண்டாம். நோய் பரப்பும் சிறு நத்தைகளையும் ஈ முழுதாக ஒழித்துவிடாது, எண்ணிக்கையைக் குறைக்கும். மீதி வேலை மேய்ச்சலிலும் தண்ணீர்த் தொட்டியிலும் உங்கள் கையில்தான் இருக்கிறது. தாடை வீங்கிய பிறகு செலவழிப்பதைவிட, வீங்குமுன் கால்நடை மருத்துவரைக் கேட்டு, அவர் சொல்லும் மாதங்களில் குடற்புழு மருந்து கொடுப்பது சிக்கனம்.