மாத்திரையோடு நின்றுவிடும் சிகிச்சை

காய்ச்சலால் படுத்தவனுக்கும் எலும்பு முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டவனுக்கும் மருத்துவமனைக் கட்டில் தரும் ஓய்வே பாதி மருந்து. மனச்சோர்வினால் பீடிக்கப்பட்டவனுக்கோ அந்த ஓய்வே வியாதிக்கு ஆகாரமாகிவிடுகிறது. எதிலும் பிடிப்பில்லை என்று சொல்லி அவன் முதலில் வேலையை விடுகிறான். வேலையை விட்டதனால் நாலு பேர் முகத்தைப் பார்ப்பதும், ஒரு காரியத்தைச் செய்து முடித்தோம் என்ற திருப்தியும் அற்றுப்போகின்றன. அவை அற்றுப்போன வெறுமையில் மனம் முன்னிலும் சோர்ந்து, மறுநாள் எழுந்திருக்கவும் மறுக்கிறது. இத்தகையவனுக்கு வேளைக்கு வேளை மாத்திரையைக் கொடுத்துவிட்டு, மிச்சப் பொழுதெல்லாம் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருக்க விடுவது அரைச் சிகிச்சையே என்பது என் திடமான அபிப்பிராயம்.

மருந்தைப் பழிப்பது என் நோக்கமன்று. கடுமையான மனச்சோர்வில் மருந்து பிராணனைக் காப்பதும், அதை டாக்டரைக் கேளாமல் நிறுத்துவது ஆபத்தாவதும் சந்தேகத்துக்கு இடமில்லாத உண்மைகள். ஆயினும், லேசான மனச்சோர்வுக்கு மருந்து தேவையில்லை என்றும், உரையாடல் வழியாகச் செய்யப்படும் உளவியல் சிகிச்சைகளே முதலில் அளிக்கத் தக்கவை என்றும், நோய் முற்றியவர்களுக்கு இவற்றோடு மருந்தையும் சேர்த்துத் தரலாம் என்றும் உலக சுகாதார நிறுவனமே கூறுகிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறக்குறைய 20 பேருக்கு ஒருவர் ஆயுளில் ஒரு முறையேனும் இந்நோய்க்கு ஆளாகிறார். பக்கவாதத்துக்காகவும் இருதய நோய்க்காகவும் புற்றுநோய்க்காகவும் அனுமதிக்கப்பட்டு, உடம்பின் உபாதைக்கு மட்டும் வைத்தியம் பெற்று, மனத்தின் உபாதையை எவரிடமும் சொல்லாமலே வீடு திரும்புகிறவர்களும் இவர்களில் உண்டு.

மருந்தில்லாச் சிகிச்சை என்றதும் அது பெருநகரத்து நிபுணர்களுக்கே உரிய வித்தை என்று எண்ண வேண்டுவதில்லை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கணிசமான மனச்சோர்வுடைய 495 பேரைக் கொண்டு டாக்டர் விக்ரம் படேலும் அவருடைய சகாக்களும் நடத்திய ஆராய்ச்சி 2017ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் வெளியாயிற்று. அதில் சிகிச்சையளித்தவர்கள் மனநலப் பட்டம் எதுவும் பெறாத, சில வாரப் பயிற்சி மட்டுமே பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். அவர்கள் ஒவ்வொரு நோயாளியையும் 6 முதல் 8 முறை சந்தித்து, அவர் கைவிட்ட காரியங்களுள் எதை நாளைக்குத் திரும்பத் தொடங்கலாம் என்று அவரோடு கலந்து முடிவுசெய்து, அடுத்த சந்திப்பில் அதை விசாரித்து, படிப்படியாக அவரைச் செயலுக்கு மீட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதத்தினரும், இந்தச் சந்திப்புகளையும் பெற்றவர்களில் 64 சதவீதத்தினரும் நோய் நீங்கியிருந்தனர்.

நம் மாநிலத்துக்கும் இந்த மார்க்கம் புதிதன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல நிலையத்தில், நோயாளியோடு அவர் குடும்பத்தாரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கு கொள்ளும் முறை வேரூன்றியது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை இருந்த டாக்டர் சாரதா மேனன், மனச்சோர்வினும் கொடிய நோய்களால் வருந்தியவர்களுக்கும் தொழில்வழிச் சிகிச்சை அங்கே கிடைக்க வழிவகுத்தார். கைக்கு வேலை கொடுத்தால் சித்தம் தெளிவதற்கு அது துணை செய்யும் என்பதை அவர்கள் அன்றே கண்டிருந்தனர்.

இந்த மார்க்கத்தை விருத்தாசலத்தில் மேற்கொள்வதற்கு ஒரு விசேஷ அனுகூலம் இருக்கிறது. பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும், மண்ணைப் பிசைந்து அச்சிலிட்டுச் சூளையில் சுடும் கைத்திறம் பரம்பரையாய் வந்த குடும்பங்களும் உள்ள ஊர் இது. ஹாங்காங்கில் மனச்சோர்வுடைய 106 பேரைக் கொண்டு நடந்து, 2017இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வாரம் ஒரு முறையாக ஆறு வாரம், ஒவ்வொரு முறையும் இரண்டரை மணி நேரம், பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் மேற்பார்வையில் களிமண் வேலை செய்தவர்களுக்கு நோயின் குறிகள் குறைந்ததாகக் கண்டனர். ஈரமண் உடனே வசப்படுகிறது. பிழையாய்ப் போனால் மறுபடி பிசைந்து தொடங்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் ஓர் அகல்விளக்கேனும் உருவாகி, தன்னால் ஒன்றும் ஆகாது என்று நம்பிக்கொண்டிருந்தவனுக்கு அந்நம்பிக்கை பொய் என்று கண்முன்னே காட்டுகிறது.

இதற்கு வேண்டுவன அதிகமில்லை. அரசு மருத்துவமனையில் காற்றோட்டமுள்ள ஓர் அறை. வாரத்தில் இரு நாள் பீங்கான் கல்வி நிலையத்தின் ஆசிரியர் ஒருவர். உலர்ந்த மண்ணின் தூசி நுரையீரலுக்குத் தீங்கு செய்யுமாதலால், ஈரமண்ணை மட்டுமே உபயோகிக்கும் நியதி. செய்த பொருள்களைச் சுடுவதற்குக் கல்வி நிலையத்துச் சூளை. களிமண்ணில் மனம் செல்லாதவர்களுக்கு நடை, தோட்ட வேலை, பாட்டு, குடும்பத்தாரோடு சேர்ந்த உரையாடல் என்று வேறு வழிகள் இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் கண்காணித்து, ஒவ்வொரு நோயாளியிடமும் உட்கார்ந்து பேச, பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகர் மருத்துவமனையிலேயே முழு நேரமும் இருப்பது அத்தியாவசியம். மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளரும் சமூகப் பணியாளரும் மாவட்டம் முழுதுக்கும் பொறுப்பேற்றவர்களாதலால், அவர்கள் தலையில் இதையும் சுமத்துவது நியாயமாகாது.

மனநலச் சிகிச்சை பெறுவது பிரஜையின் உரிமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பிரகடனம் செய்திருக்கிறது. மாத்திரைச் சீட்டு ஒன்றினால் மாத்திரம் அவ்வுரிமை பூர்த்தியாகிவிடாது. ஆகவே, சுகாதாரத் துறையும் தொழில்நுட்பக் கல்வித் துறையும் ஒன்றுகூடி, இத்தகைய சிகிச்சைப் பிரிவு ஒன்றை விருத்தாசலத்தில் சோதனை முறையில் தொடங்கி, ஓராண்டு நடத்தி, அதன் பலனைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். அதுவரை, இந்நோயால் வருந்துவோரும் அவர்களுடைய பந்துக்களும் 14416 என்ற இலவச எண்ணில் டெலி-மானஸ் என்னும் தொலைபேசி மனநலச் சேவையின் ஆலோசகர்களோடு எந்நேரமும் பேசலாம். பேசத் தயங்க வேண்டாம்.